மரம் அறுக்கும் மெஷின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

தானே புயல் 2011 டிசம்பர் இறுதியில் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வீழ்த்தியபோதும், வர்தா 2016 டிசம்பர் 12 அன்று சென்னையின் சாலையோர மரங்களைச் சாய்த்தபோதும், கஜா 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைத் தரையோடு தரையாக்கியபோதும், அடைபட்ட பாதைகளைத் திறப்பதற்கு முதன்மையாக உதவிய சாதனம், ஊர்களில் ‘மரம் அறுக்கும் மெஷின்’ என்று வழங்கும் சங்கிலி வாளே ஆகும். கோடாலியும் ரம்பமும் கொண்டு தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டி வந்த குடும்பங்களில் பல, கடன் வாங்கியேனும் ஒரு மெஷினைச் சொந்தமாக்கிக்கொண்டன. அவ்வாறு வாங்கப்பட்டவை நாளடைவில் தேய்ந்தும் சூடேறியும் பட்டறை வாசலுக்கு வருகின்றன. வந்தவுடன், ‘இதையே செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, நீளமான பாரும் (செயின் சுற்றி ஓடும் தகடு) புதுச் செயினும் பூட்டிப் பலப்படுத்துவதா, அல்லது கழித்துவிட்டுப் புதிது வாங்குவதா?’ என்ற கேள்வியும் எழுகிறது.

இந்தக் கேள்வியை ஏறக்குறைய எல்லோரும் ரூபாய்க் கணக்காகவே பேசி முடித்துவிடுகிறார்கள். கூலி வாங்கிப் பிழைக்கும் ஒருவர் முதலில் பணத்தை எண்ணிப் பார்ப்பது இயற்கையே. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், மெஷினைப் பிடிக்கும் கைகளுக்கு அதனால் விளையக்கூடிய அபாயமும், அது வாங்கப்பட்டபோது கிடைத்த ரசீதுக்குச் சட்டம் அளித்திருக்கும் பலமும் அந்தக் கணக்கில் சேராவிட்டால், மலிவாகத் தோன்றிய முடிவே பிற்காலத்தில் ஒரு குடும்பத்துக்குப் பெருநஷ்டமாக முடியும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அபாயம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். முழு விசையில் ஓடும் செயின் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் பாரைச் சுற்றுகிறது. அவ்வேளையில் பாரின் மூக்கினுடைய மேற்பாதி, கவனியாத ஒரு கிளையிலோ அடுத்து கிடக்கும் தடியிலோ பட்டுவிட்டால், பல் மரத்தைக் கடித்து நின்று, செயினை இழுத்துக்கொண்டிருந்த விசை முழுவதும் பாரை மேல்நோக்கியும் பின்நோக்கியும், அதாவது பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் இடது தோளையும் நோக்கியும், வீசிவிடுகிறது. ‘மெஷின் தூக்கி அடித்துவிட்டது’ என்று தொழிலாளர் சொல்வது இதனைத்தான். மனிதன் உணர்ந்து கையை விலக்குவதற்கு வேண்டிய நேரத்திலும் குறைந்த நேரத்தில் இது நடந்து முடிந்துவிடுகிறதாதலால், எத்தனை வருஷ அனுபவம் உடையவராயினும் தம் கைவேகத்தை நம்பித் தப்ப முடியாது. அவரைக் காப்பாற்றுவதற்கென்று மெஷினிலேயே அமைக்கப்பட்டிருக்கும் உறுப்பு செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு எதிரே நிற்கும் அகன்ற காப்பு, வாள் எகிறும்போது மணிக்கட்டுப் பட்டோ, எகிறும் வேகத்தின் உந்துதலாலோ முன்புறம் சாய்கிறது; சாய்ந்த மாத்திரத்தில் உள்ளே ஓர் இரும்புப் பட்டை கிளட்ச் டிரம்மை இறுகப் பிடித்துச் செயினை நிறுத்திவிடுகிறது.

இந்தப் பிரேக் வேலை செய்கிறதா என்று அறிவதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை. மெஷினைத் தட்டையான தரையில் வைத்து, இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்து, விசையை ஒரு கணம் முழுவதும் கூட்டி, இடது கைப்பிடியை விடாமலே மணிக்கட்டினால் காப்பை முன்னே தள்ள வேண்டும். செயின் அந்த நிமிஷமே நின்றுவிட வேண்டும். தயங்கித் தயங்கிச் சுற்றி நின்றால் பட்டை தேய்ந்துவிட்டது என்றும், நில்லாமலே ஓடினால் அந்த மெஷின் வேலைக்குரியதன்று என்றும் அறிய வேண்டும். விசையைக் கூட்டாமல் சும்மா ஓடவிடும்போது செயின் தானாக நகர்வதும் ஒரு கெட்ட அறிகுறியே. கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது கார்புரேட்டரின் திருகு மாறியிருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தை மனவேதனையோடு எழுத வேண்டியிருக்கிறது. ‘பிரேக் அடிக்கடி பிடித்துக்கொள்கிறது, வேலை தடைப்படுகிறது’ என்று சொல்லி, முன் காப்பையே கழற்றிப் போட்டுவிட்டு அறுக்கிற வழக்கம் இருக்கிறது. பிரேக் அடிக்கடி பிடிக்கிறதென்றால், மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே கட்டிப் போயிருக்கலாம், அல்லது பாரின் மூக்கு அடிக்கடி படக்கூடாத இடத்தில் படுகிறது என்று பொருள். முன்னதற்குத் துடைத்துச் சுத்தம் செய்வதும், பின்னதற்குப் பிடிக்கும் முறையைத் திருத்திக்கொள்வதும் பரிகாரமாகுமே தவிர, காப்பைக் கழற்றுவது ஆகாது. கழற்றியதால் உடலுக்கு வரும் கேடு ஒருபுறமிருக்க, சட்டப்படி கிடைக்க வேண்டிய உரிமையும் அதனோடு கழன்றுபோகக்கூடும். அதைப் பின்னர்ச் சொல்வேன்.

பிரேக்கைப்போலவே கவனிக்கத்தக்கவை வேறு சிலவும் உண்டு. செயின் அறுந்தால் வலது கையை நோக்கி வீசாதபடி தடுத்துப் பிடிக்கும் சிறு கொக்கி ஒன்று பாரின் அடிப்புறத்தில் இருக்கும். உடைந்துவிட்டால் சொற்ப விலையில் மாற்றிவிடலாம். பின் கைப்பிடியை உள்ளங்கை அழுத்தினாலன்றி விசை ஏறாதபடி செய்யும் பூட்டும் அத்தகையதே. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள ரப்பர்களோ ஸ்பிரிங்குகளோ வெடித்தும் தளர்ந்தும் போனால் நேரும் தீங்கு சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. அதிர்வு முழுவதும் விரல்களில் ஏறி, இரவில் மரத்துப்போவதும், ஊசி குத்துவது போன்ற உணர்வும், குளிர்ந்த காலையில் விரல் நுனிகள் இரத்தம் வற்றியவைபோல் வெளுப்பதும் வருஷக்கணக்கில் மெள்ள மெள்ளத் தோன்றும். நோய் முற்றிய பிறகு அதனைப் பூரணமாகக் குணப்படுத்தும் வைத்தியம் இல்லை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் வேலை செய்வோர் இதனைக் குளிரின் குற்றமென்று எண்ணிச் சும்மா இருந்துவிடலாகாது. ஐரோப்பிய நாடுகளில் ஒரு நாள் வேலையில் தொழிலாளியின் கை தாங்கலாகும் அதிர்வுக்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. நம் நாட்டுத் தொழிலாளியின் விரல்களும் அதே சதையாலும் நரம்பாலும் ஆனவையே. காதின் கதியும் இதுதான்: எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் வரையே தாங்கலாம் என்று சுகாதார வல்லுநர் வகுத்திருக்க, பெட்ரோல் மெஷினின் ஓசையோ 100 டெசிபலைக் கடந்து நிற்கிறது.

ஆகவே, பட்டறைக்கு வந்த ஒரு மெஷினைப் பற்றி முடிவு செய்வதற்கு முன், பிரேக்கும் கொக்கியும் பூட்டும் ரப்பரும் அதற்கு உண்டா, அவற்றின் உதிரிப் பாகங்கள் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். பிரேக்கே இல்லாமல் செய்யப்பட்ட மிகப் பழைய மெஷினையும், இருந்தும் பாகம் கிடைக்காத மெஷினையும், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழியாமல் கழித்துவிடுவதே நியாயம்.

அந்தச் சோதனையில் தேறிய மெஷினுக்குத்தான் பணக் கணக்கு. ‘மெஷினில் பவர் இல்லை’ என்று வருகின்ற குறைகளில் பல, எஞ்சினின் குறையே அல்ல. அறுக்கும்போது கீழே விழுவது சீவல் சீவலாக இல்லாமல் மாவுபோல் இருந்தால் செயினின் பல் மழுங்கியிருக்கிறது. உரிய பருமனுள்ள உருண்டை அரத்தினால் ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில் தீட்டி, பல்லுக்கு முன்னால் நிற்கும் மட்டத்தையும் அளவாக இறக்கினால் வாள் மறுபடியும் இறங்கும். மட்டத்தை அளவுக்கு மீறி இறக்கினால் பல் ஆழமாகக் கடித்துத் தூக்கி அடிக்கும் அபாயம் பெருகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதுச் செயினைத் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் பூட்டினால் புதியதும் விரைவில் கெடும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு விளிம்பும் ஒரே சீராகத் தேயும். ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் குழாய், கார்புரேட்டரின் உள்ளேயிருக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஆகிய இவையெல்லாம் மாற்றுவதற்கென்றே உண்டாக்கப்பட்டவை. இவற்றுக்காக ஒருவர் மெஷினையே மாற்றச் சொன்னால், அந்த ஆலோசனையைச் சந்தேகத்தோடு கேட்க வேண்டும்.

எஞ்சினின் உள்ளத்தைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. சைலன்சரைக் கழற்றிவிட்டு, அந்தத் துவாரத்தின் வழியே டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தினால், அதன் பக்கம் பளபளப்பாக இருக்கிறதா, செங்குத்தாகக் கீறல்கள் விழுந்திருக்கின்றனவா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். கீறல் இல்லையென்றால் அந்த மெஷினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. கீறல் விழுந்திருந்தால், பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றுவதற்கு ஆகும் மொத்தச் செலவு, அதே தரமுள்ள புதிய மெஷினின் விலையில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் மாற்றுவதே உத்தமம் என்பது தொழிலில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. ஆனால் மாற்றுவதற்கு முன், கீறல் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு விடை காண்பது அவசியம். டூ-டி ஆயில் கலக்க மறந்ததோ, கலவை குறைந்ததோ, எங்கேனும் சீல் கிழிந்து காற்று உள்ளே புகுந்ததோ காரணமாயிருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் என்று கையேடு கூறும் மெஷினும் உண்டு, 40 மில்லி கேட்கும் மெஷினும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் அளவைக் கேட்டுக் கலப்பது தவறு. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், அது ஈரத்தை உறிஞ்சுவதோடு ரப்பர்ச் சவ்வையும் குழாயையும் கெடுக்கக்கூடியது. சில கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலை விலக்குகின்றன, நம் பெட்ரோல் பங்க்குகளிலோ 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. வேலை முடிந்து நாள்கணக்கில் வைக்கும்போது டாங்கியைக் காலி செய்து வைப்பதும், புதிது வாங்கும்போது ‘இந்த மெஷின் எத்தனை சதவீத எத்தனாலுக்கு ஏற்றது?’ என்று எழுத்தில் கேட்பதும் நல்லது.

பலப்படுத்துவது என்னும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரும்பாலும் அது சிறிய எஞ்சினில் நீளமான பாரைப் பூட்டுவதாகவே முடிகிறது. எஞ்சின் திணறிக் கிளட்ச் காய்ந்து போவதும், எண்ணெய் பாரின் நுனிவரை சென்று எட்டாமற்போவதும் அதன் பலன்கள். உத்தரவாதமும் அதனோடு போய்விடக்கூடும். பெரிய மரம் அறுக்கும் வேலை நிரந்தரமாகக் கிடைக்குமானால் அதற்குரிய மெஷினையே வாங்க வேண்டும்.

புதிது வாங்க வந்தவர் முன்னே கடைக்காரர் இரண்டு விதப் பெட்டிகளை வைப்பார். ஒன்று பெயர்பெற்ற கம்பெனியின் மெஷின். மற்றொன்று பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில், பெரிய எழுத்தில் 58 சி.சி. என்று அச்சிட்டு வருவது. மலிவானது எல்லாம் கெட்டது என்று நான் சொல்லத் துணியேன். ஆனால் பெட்டியின் பக்கத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். பொட்டலப் பொருள்கள் பற்றிய 2011 ஆம் ஆண்டு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டுப் பொருள் என்பதும், அதிகபட்ச விலையும், புகாருக்குரிய தொடர்பும் அதில் இருக்க வேண்டும். முகவரியே இல்லாத பெட்டியில் வரும் மெஷின் கெட்டால், யாரிடம் போய் நிற்பது? பின்னால் பழுது பார்க்க வழியுண்டா என்பதையும் வாங்கும்போதே விசாரிக்க வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்த்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி 2022 இல் ஒரு குழு அமைத்து, அவ்வருஷம் டிசம்பர் 24 ஆம் தேதி இதற்கெனத் தனி இணையத்தளமும் தொடங்கியது. அதில் அடங்கும் துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. தம்முடைய தோப்பில் கிளை கழிப்பதற்கு மட்டுமே மெஷின் தேடுகிறவர், பாட்டரி வாளையும் பார்க்கலாம். ஓசையும் அதிர்வும் குறைவு. பழையதைக் கழிக்கும்போது, பிரேக் அற்ற ஒன்றை இன்னொரு கூலிக்காரருக்கு விற்பது மட்டும் வேண்டாம். பாகம் பாகமாகப் பிரித்துப் பட்டறைக்குக் கொடுப்பதே தருமம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் கொடுக்காமல் விற்பதை முறையற்ற வணிகம் என்றே குறிப்பிடுகிறது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் கண்ட காலத்துக்குள், அங்ஙனம் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதையும் அவ்வாறே குறிப்பிடுகிறது. ‘பில் வேண்டுமென்றால் வரி சேரும்’ என்று சொல்லும் கடையில் மிச்சமாகும் பணம், பிற்பாடு நேரும் நஷ்டத்துக்கு ஈடாகாது. வரிசை எண் எழுதிய பில், முத்திரையிட்ட உத்தரவாத அட்டை, பட்டறையில் ஒவ்வொரு முறையும் கொடுத்த ரசீது ஆகியவற்றை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைக்க வேண்டும்.

‘கூலிக்கு மரம் அறுப்பது வியாபாரமாயிற்றே, நீ எப்படி நுகர்வோர் ஆவாய்?’ என்று கேட்டு மடக்குகிறவர்கள் உண்டு. வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோராகார் என்பது சட்டத்தின் பொது விதிதான். ஆனால், சுயதொழில் செய்து தம் ஜீவனத்தைத் தேடுவதற்கென்றே ஒரு பொருளை வாங்கித் தாமே பயன்படுத்துகிறவரை அச்சட்டம் வெளிப்படையாக விலக்கிக் காப்பாற்றுகிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் வாங்கிய ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுந்த லக்ஷ்மி என்ஜினீயரிங் வழக்கில், 1995 இல் உச்ச நீதிமன்றம் முந்திய சட்டத்தின்கீழ் இதனை விளக்கி, தாமே இயந்திரத்தை ஓட்டிப் பிழைக்கிறவர் ஒன்றிரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோரே என்று கூறியது. அவ்வழக்கைத் தொடுத்த நிறுவனத்தின் தொழில் பெரிய அளவினதாக இருந்தமையால் அதற்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. எனினும், தம் கையால் மெஷின் பிடித்து, செத்தை இழுக்க ஒரு துணையாளை வைத்திருக்கும் மரம் வெட்டியின் நிலையை அத்தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது.

விபத்து நேர்ந்தாலோ, பொருளின் குறையால் விளைந்த தீங்குக்கு ஈடு கேட்கும் உரிமையை அதே சட்டம் தருகிறது. தயாரிப்பில் குறை இருப்பது மட்டுமல்ல, சரியான உபயோகத்துக்கும் ஆபத்துக்கும் போதிய அறிவுறுத்தல் தராததும் தயாரித்தவரின் குற்றமாகும். பூட்டிக் கொடுப்பதிலும் பராமரிப்பதிலும் கவனக்குறைவாக இருந்த விற்பனையாளரும், தயாரித்தவர் இன்னாரென்றே தெரியாத பொருளை விற்றவரும் பொறுப்பாவார்கள். ஆனால் 87 ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்த சமயத்தில் அப்பொருள் தவறாக உபயோகிக்கப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்பனையாளர்மேல் வழக்கு நில்லாது என்கிறது. பிரேக்கைக் கழற்றியவரின் உரிமை ஏன் கழன்றுபோகும் என்பது இப்போது விளங்கும்.

மெஷின் குறைபாடுடையது என்று தோன்றினால், வேறு பட்டறையில் திறக்காமல் அப்படியே வைத்து, விற்றவருக்கும் தயாரித்தவருக்கும் எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். திறந்துவிட்டால் குறை யாருடையது என்று நிரூபிப்பது கடினம். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டவர். பதில் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 க்குப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால், தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். கடை வேறு மாவட்டத்தில் இருப்பது தடையன்று. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டிய பொருளானால் ஐந்து மாதம், அல்லாவிட்டால் மூன்று மாதம் என்று முடிவுக்குச் சட்டம் குறி வைத்திருக்கிறது. நடைமுறையில் தாமதம் நேர்வதுண்டு. வசதியற்றவர்கள் 15100 என்ற எண்ணின் மூலம் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். மனுவைக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

தோப்பு உடைமையாளர்களுக்கும் மரக் காண்டிராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்பது இந்நாட்டில் 1923 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நிலைபெற்ற கொள்கை. 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதனை ஏற்றிருக்கிறது. கைலியும் வெறுங்காலுமாய் வருகிறவரிடம் பழுதான மெஷினைக் கொடுத்து மரத்தில் ஏறச் சொல்லுகிறவர், அந்தப் பொறுப்பைத் தாமே தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார். தலைக்கவசம், கண்ணாடி, காது அடைப்பு, கெட்டியான பூட்ஸ் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை மரத்தின் விலையிலேயே சேர்த்துப் பேச வேண்டும்.

உங்கள் மெஷின் இன்று பட்டறையில் கிடக்குமானால், திரும்ப எடுக்கப் போகும்போது, பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்பாக, பிரேக்கைப் போட்டுச் செயின் நிற்பதைக் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பாகங்களின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய பாகங்களையும் கேட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.